தலையில் மாட்டிய இரும்புக் கூண்டு... கான்டூர் பேலட்டுக்குப் பின்னால் ஒரு விக் தொழிலாளி! யார் இந்த மேக்ஸ் ஃபேக்டர்?

ஒரு பெண்ணின் தலையில் இரும்புக் கூண்டு மாதிரி ஏதோ மாட்டியிருக்கிறது. சுற்றிலும் திருகாணிகள். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் அவற்றைக் கவனமாகத் திருகிக்கொண்டிருக்கிறார். இணையத்தில் அவ்வப்போது சுற்றும் இந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தால், சித்திரவதைக் கருவின்னுதான் தோணும். உண்மையில் அது மேக்கப் கருவி. பெயர் 'பியூட்டி மைக்ரோமீட்டர்'. 1930-களின் தொடக்கத்தில் வந்தது. முகத்தை நுணுக்கமாக அளந்து, எந்த இடத்தை மேக்கப்பால் திருத்தணும்னு காட்டுவதுதான் அதன் வேலை.

இன்று கான்டூர் பேலட் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். அடர் நிறம் பட்ட இடம் உள்வாங்கினாற்போலத் தெரியும். வெளிர் நிறம் பட்ட இடம் எடுப்பாக முன்னே வரும். மேடை நடிகர்களுக்கு முன்பே தெரிந்த இந்த வித்தையை கேமராவுக்குப் பழக்கியவர்களில் முக்கியமானவர், படத்தில் இருக்கும் அந்த மனிதர் மேக்ஸ் ஃபேக்டர்.

மஞ்சள் பூசித் தப்பிய குடும்பஸ்தர்

இன்றைய போலந்தின் லோட்ஸ் பகுதியில், 1870-களில் ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்தவர் மேக்ஸிமிலியன் ஃபேக்டரோவிச். சிறு வயதிலேயே விக் செய்யும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ராணுவச் சேவை முடிந்ததும் ரஷ்யாவின் ரியாசான் நகரில் சொந்தமாகக் கடை போட்டார். அவருடைய கைவண்ணம் ஜார் மன்னரின் அரண்மனை வரை போனது. ஆனால் யூதர்கள் மீதான வன்முறை பெருகிக்கொண்டிருந்த காலம் அது. அரண்மனை வேலையை விட்டு நினைத்தபோது கிளம்பவும் முடியாது.

அவர் தப்பிய விதம் சினிமாக் கதை மாதிரி சொல்லப்படுகிறது. முகத்தில் மஞ்சள் நிற மேக்கப் போட்டு நோயாளி வேஷம் கட்டினாராம். ஓய்வுக்கு வெளியூர் போக அனுமதி கிடைத்ததும், மனைவி குழந்தைகளோடு கப்பல் ஏறிவிட்டாராம். 1904-ல் அமெரிக்கா வந்தவர், செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் கடை விரித்தார். கூட்டாளி ஏமாற்றிவிட்டார். மனைவியும் இறந்துபோனார். 1908-ல் லாஸ் ஏஞ்சலஸ் வந்து சேர்ந்தார். அங்கே சினிமா அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தது.

சிவப்பு கறுப்பாகத் தெரிந்த காலம்

அன்றைய நடிகர்கள் நாடக மேடைக்கான கெட்டி மேக்கப்பையே அப்பிக்கொண்டு கேமரா முன்னால் நின்றார்கள். மேடையில் தூரம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். குளோசப்பில் அது வெடித்த களிமண் போலத் தெரிந்தது. 1914-ல் மேக்ஸ் ஃபேக்டர் கிரீம் போன்ற மெல்லிய கிரீஸ்பெயின்ட்டைக் கொண்டுவந்தார். மொத்தம் 12 ஷேடுகள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்தக் காலத்து ஃபிலிமுக்குச் சிவப்பு நிறம் பிடிபடாது. சிவப்பு கறுப்பாக விழும். அழகுக்காகக் கன்னத்தில் சிவப்புப் பூசினால், திரையில் கன்னம் ஒட்டிப்போன மாதிரி இருக்கும். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு கான்டூர்தான், வேண்டாத கான்டூர்!

1920-களின் கடைசியில் பேசும் படம் வந்தது. இரையும் ஆர்க் விளக்குகளுக்குப் பதில் சத்தமில்லாத டங்ஸ்டன் விளக்குகள் வந்தன. ஃபிலிமும் மாறியது. பழைய மேக்கப் செல்லாக்காசானது. 1928-ல் புது ஃபிலிமுக்கென்றே தனி வரிசை செய்தார். அடுத்து கலர் படம் வந்தபோது மறுபடி தலைவலி. கிரீஸ்பெயின்ட்டின் பளபளப்பில் பக்கத்துச் சுவரின் நிறம்கூட முகத்தில் பிரதிபலித்தது. அதற்கு விடையாக அவரும் மகன் ஃபிராங்கும் உருவாக்கியதுதான் பளபளக்காத 'பேன்-கேக்'. ஈர ஸ்பாஞ்சால் தொட்டுப் பூச வேண்டும். 1937-ல் ஒரு கலர் படத்தில் அது திரைக்கு வந்தது.

நடிகைகள் அதை செட்டிலிருந்து வீட்டுக்கே எடுத்துப் போனார்கள். ஆனால் ஸ்டுடியோ விளக்குக்காகச் செய்த ஷேடு பகல் வெளிச்சத்தில் ரொம்ப அடர்த்தியாகத் தெரிந்தது. பொதுமக்களுக்கென வெளிர் ஷேடுகள் தயாராகி, 1938-ல் விற்பனைக்கு வந்தன. அதே ஆண்டு ஐரோப்பாவில் இருந்தபோது பணம் கேட்டு வந்த கொலை மிரட்டலால் ஆடிப்போன மேக்ஸ் ஃபேக்டர், ஊர் திரும்பி ஆகஸ்ட் 30-ம் தேதி காலமானார். 'மேக்கப்' என்ற சொல்லையே நாடகக் கொட்டகையிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்தவர் என்ற பெயர் அவருக்கு உண்டு.

அந்தப் பேன்கேக் சென்னைக்கும் வந்தது. ஜெமினி ஸ்டுடியோ அதை லாரி லாரியாக வாங்கியதை அங்கே வேலை பார்த்த எழுத்தாளர் அசோகமித்திரன் எழுதியிருக்கிறார். சிபிஎஸ்இ பிளஸ் 2 படித்தவர்களுக்கு அந்த ஆங்கிலப் பாடம் ஞாபகம் இருக்கலாம்.

யாருக்கான ஷேடு?

பாராட்டோடு இதையும் சொல்லணும். 1935-ல் ஹாலிவுட்டில் அவர் திறந்த சலூனில் நான்கு அறைகள். பொன்னிறக் கூந்தலுக்கு ஒன்று, செம்பட்டைக்கு ஒன்று, கருங்கூந்தலுக்கு ஒன்று, பழுப்புக் கூந்தலுக்கு ஒன்று. மனதில் இருந்தது வெள்ளைச் சருமம். அவர் இறந்த பிறகு, 1940-களில் கறுப்பின நடிகை லீனா ஹார்னுக்காக அந்த நிறுவனம் 'லைட் இஜிப்ஷியன்' என்ற ஷேடைச் செய்தது. அதைப் பூசி, கலப்பினப் பாத்திரங்களில் வெள்ளை நடிகைகளை நடிக்கவைத்தார்கள். லீனாவுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேஷங்கள் கைமாறின.

அந்தப் பழைய கோணல் இன்றும் முழுசாகப் போகவில்லை. சில பேலட்டுகளில் இருக்கும் 'டார்க்' ஷேடு, நம்ம ஊர் மாநிறத்தோடு அப்படியே கலந்துவிடும். நிழலே விழாது. அதனால் பெட்டியில் எழுதியிருக்கும் பெயரைப் பார்க்காதீங்க. உங்கள் தாடையோரம் பூசிப் பாருங்க. கான்டூர் ஷேடு உங்கள் நிறத்தைவிட ஒன்றிரண்டு படி அடர்த்தியா, ஆரஞ்சு வாடை இல்லாத சாம்பல் கலந்த பிரவுனா இருக்கணும். ஆரஞ்சா இருந்தா நிழல் மாதிரி தெரியாது, வெயிலில் கறுத்த திட்டு மாதிரி தெரியும். ஹைலைட்டில் வெள்ளி மினுக்கு கறுத்த சருமத்தில் நீறு பூசியதுபோல நிற்கும், பொன் நிறமோ செம்பு நிறமோ எடுப்பாக இருக்கும். எண்ணெய் வழியும் முகம்னா பவுடர், வறண்ட சருமம்னா கிரீம்.

கடை விளக்கில் எல்லாமே அழகாத்தான் தெரியும். பூசிக்கிட்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து ஒரு செல்ஃபி, ஃபிளாஷ் போட்டு இன்னொரு செல்ஃபி எடுத்துப் பாருங்க. அப்புறம் பில் போடச் சொல்லலாம்.