கணித மேதையின் பள்ளிப் பருவம்

மூடுபனி தவழும் நம் நீலமலையின் ஹட்டிகளிலிருந்தும், தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலிருந்தும் ஆண்டுதோறும் மாணவ மாணவியர் பலர் மேல்நிலை வகுப்பில் கணிதத்தை விரும்பி ஏற்கின்றனர். பாடநூலின் எல்லையைத் தாண்டிக் கற்க வேண்டும் என்னும் வேட்கை அவர்களுள் சிலருக்கு எழுவதுண்டு. அத்தகையோர்க்கு நூல் கொடுப்பாரும் ஐயம் தீர்ப்பாரும் எளிதில் வாய்ப்பதில்லை. இந்நிலையை நூறாண்டுகளுக்கு முன்பே அடைந்தவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். கேம்பிரிட்ஜில் அவர் பெற்ற புகழை யாவரும் அறிவர். அப்புகழுக்கு வித்திட்ட பள்ளிப் பருவத்தையும், அதனைத் தொடர்ந்த துயர ஆண்டுகளையும் இங்குக் காண்போம்.

1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் இராமானுஜன் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தை சீனிவாச ஐயங்கார் ஜவுளிக் கடையில் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடுவார். வருவாய் போதாமையால், உள்ளூர் அரசுக் கல்லூரியில் பயின்ற மாணவர் சிலருக்கு வீட்டில் இடமும் உணவும் தந்து குடும்பத்தை நடத்தினர். அவ்வறுமையே சிறுவனுக்கு ஒரு வாயிலைத் திறந்தது. கல்லூரி மாணவர்களிடம் இருந்த கணிதம் முழுவதையும் அவர் விரைவிலேயே கேட்டுக் கற்றுவிட்டார்!

1897இல் தொடக்கக் கல்வித் தேர்வில் மாவட்டத்தின் முதல் மாணவராகத் தேறி, மறு ஆண்டு நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் லோனி எழுதிய திரிகோணமிதி நூலை ஒரு கல்லூரி மாணவரிடம் இரவல் பெற்றுக் கரை கண்டார். கோணங்களின் சைன், கோசைன் பற்றிய ஓர் அரிய தேற்றத்தைத் தாமே கண்டுபிடித்து மகிழ்ந்தார். அது ஆய்லர் என்னும் அறிஞர் முன்னரே கண்டது எனப் பின்னர் அறிந்ததும், நாணி, தாம் எழுதிய தாள்களை வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்தாராம்.

1902இல் மூன்றாம் படிச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறையைக் கற்றார். நான்காம் படிக்குத் தாமே வழி கண்டார். அடுத்து ஐந்தாம் படியிலும் முயன்றார், இயலவில்லை. அதற்கு அத்தகைய பொதுச் சூத்திரமே கிடையாது என்பதை நார்வே நாட்டு ஆபெல் 1824ஆம் ஆண்டிலேயே நிறுவியிருந்தார். கும்பகோணத்துச் சிறுவனுக்கு அதைச் சொல்வார் யாருமில்லை.

1903ஆம் ஆண்டு, பள்ளிப் படிப்பின் இறுதியில், அரசுக் கல்லூரி நூலகத்தைச் சேர்ந்த ஒரு நூல் நண்பர்கள் வழியாக அவர் கைக்கு வந்தது. தேர்வுக்கு மாணவர்களைப் பயிற்றும் கார் என்னும் ஆங்கிலேய ஆசிரியர் தொகுத்த நூல் அது. ஏறத்தாழ ஐயாயிரம் தேற்றங்களின் தொகுப்பு. நிறுவல்களோ மிகச் சுருக்கம். பிறர்க்கு அது வறண்ட பட்டியல். இராமானுஜனுக்கு ஒவ்வொரு வரியும் ஓர் அறைகூவல். காகிதம் விலை மிகுந்த பொருள் ஆதலால் சிலேட்டில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் குறிப்பேட்டில் எழுதினார். நிறுவலை விடுத்து முடிவை மட்டும் எழுதும் பழக்கம் அந்நூலின் வழியே படிந்தது என்பர் அறிஞர்.

அவ்வாண்டின் இறுதியில் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். 1904இல் ரங்கநாத ராவ் கணிதப் பரிசும், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையும் கிடைத்தன. தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் எனப் போற்றப்பட்ட கல்லூரி அது. எனினும் கணிதத்தில் மூழ்கியவர் பிற பாடங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை பறிபோயிற்று. 1905இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குச் சென்றுவிட்டார். பின்னர் 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், எஃப்.ஏ. தேர்வில் தேற முடியவில்லை. பள்ளியிறுதிக்குப் பின் ஈராண்டு பயிலும் அவ்வகுப்பு இன்றைய மேல்நிலைக் கல்விக்கு ஒப்பானது. கல்லூரி நூலகத்தின் நூல் அவரை உயர்த்தியது. கல்லூரித் தேர்வோ அவரை வெளியே நிறுத்தியது.

1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார், 1914இல் கப்பலேறினார். எஃப்.ஏ. தேறாதவர் 1916இல் ஆய்வின் வழியே கேம்பிரிட்ஜ் பட்டம் பெற்றார். 1918இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். ஆயினும் நோய் அவரை விடவில்லை. 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். வழிகாட்டியின்றி வீணான இளமை ஆண்டுகளே பேரிழப்பு என்று ஹார்டி பின்னாளில் வருந்தினார்.

இராமானுஜன்களை உருவாக்குவது நம் கையில் இல்லை. ஆனால் அவருக்குத் திரிகோணமிதி நூலை இரவல் கொடுத்தவர் நம்மைப் போன்ற ஒரு கல்லூரி மாணவர்தாம். அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நண்பர்களே, விடுமுறைக்குக் கோத்தகிரிக்கோ கூடலூருக்கோ பேருந்து ஏறும்போது, மேல்நிலை வகுப்பில் பயிலும் தம்பி தங்கைக்கு ஒரு கணித நூலை எடுத்துச் செல்வோம். அருகிலிருந்து ஐயமும் தீர்ப்போம். ஒரு பாடத்தில் மட்டும் ஒளிர்ந்து பிறவற்றில் தளரும் மாணவரைக் கண்டால், ஆசிரியப் பெருமக்கள் சற்றே நின்று கைகொடுப்பார்களாக. நூல் மட்டும் போதாது, துணையும் வேண்டும் என்பதே இராமானுஜன் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மை.