நூறு பேருக்கு உலை வைத்தவர்



உப்பு சத்தியாகிரகம் என்றாலே நமக்கு தண்டியும் காந்தியடிகளும் ஞாபகம் வரும். தமிழ்நாடு என்றால் ராஜாஜி. ஐந்து மார்க் கேள்விக்கு அது போதும்தான். ஆனால் அந்தப் போராட்டத்துக்கு அடுப்பு மூட்டியவர் ஒருத்தர் இருக்கிறார். நம்ம மரக்காணம் மாதிரியே உப்பளம் உள்ள வேதாரண்யத்துக்காரர். அவர்தான் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

1897-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி வேதாரண்யத்தில் பிறந்தார். உப்பு வியாபாரம் செய்தவர். அந்தக் காலத்தில் வெள்ளைக்கார அரசாங்கத்தின் அனுமதி இல்லாமல் யாரும் உப்பு எடுக்கக் கூடாது, விற்கக் கூடாது. வரி வேறு கட்டணும். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சட்டத்தை மீறினால் மற்றவங்களுக்கு ஜெயில் மட்டும்தான். இவருக்கு ஜெயிலோடு சேர்த்து பிழைப்பும் போயிடும். தெரிஞ்சேதான் இறங்கினார்.

1930-ஆம் ஆண்டு, தமிழ்நாட்டில் எங்கே உப்பு எடுப்பது என்று பேச்சு வந்தபோது, வேதாரண்யம்தான் என்று முடிவானதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி தலைமையில் சுமார் 100 தொண்டர்கள் திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து கிளம்பினாங்க. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏறக்குறைய 240 கிலோமீட்டர். சித்திரை வெயிலில் நடை.

தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் துரை ஒரு உத்தரவு போட்டார். தொண்டர்களுக்கு யாராவது சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் சிறை! ஆனால் ஜனங்க விடவில்லை. போகிற வழியில் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்க விட்டாங்க. யார் கட்டினது என்று போலீஸ் எப்படிக் கண்டுபிடிக்கும்? எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

இருந்தாலும் வழிச்சோறு ஒரு வேளைக்குத்தான். ஏப்ரல் 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்த பிறகு? அங்கேதான் வேதரத்தினம் பிள்ளையின் வேலை. தங்க முகாம், சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. கணக்குப் போட்டுப் பாருங்க. நூறு பேர், இரண்டு வேளை என்றாலும் ஒரு நாளைக்கு இருநூறு சாப்பாடு. அரிசி வேணும், விறகு வேணும், எல்லாத்துக்கும் மேலே குடிதண்ணீர் வேணும். உப்பளத்து ஓரத்தில் நல்ல தண்ணீருக்கு எவ்வளவு அலையணும் என்று நமக்குச் சொல்லித் தரணுமா என்ன! அதுவும் சோறு போட்டாலே ஜெயில் என்று உத்தரவு இருக்கிற நேரத்தில்.

எங்க அப்பா உப்பளத்தில்தான் வேலை செய்கிறார். சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி பத்துப் பேர் சேர்ந்து பாத்தியை மிதிமிதி என்று மிதிச்சு தரையை இறுக்குவாங்க. அப்போ ஒரு கல் உப்பு கூட இருக்காது. ரோட்டில் பஸ்ஸில் போகிறவங்களுக்கு அது வேலையாகவே தெரியாது. போட்டோ எடுக்கிறவங்க வர்றது வெள்ளை வெளேர் என்று உப்பு குவிச்ச பிறகுதான். ஆனால் ஒருத்தர் மட்டும் சரியாக மிதிக்கலைன்னாலும் அந்த இடத்தில் வாரும்போது உப்போடு மண்ணும் சேர்ந்து வரும். வேதரத்தினம் பிள்ளை செய்தது இந்த மிதிக்கிற வேலைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. (நம்ம வகுப்பில் குழுவாக சார்ட் தயார் பண்ணும்போது பெயர் எழுதுற இடத்துக்குத்தான் முதல் போட்டி. பசை காய்ச்ச ஆள் கிடைக்காது!)

ஏப்ரல் 30-ஆம் தேதி காலையில் ராஜாஜி உப்பு அள்ளினார். உடனே கைது, ஆறு மாதம் சிறை. தலைவர் போயிட்டார், கூட்டம் கலைஞ்சிடும் என்று அரசாங்கம் நினைச்சிருக்கும். கலையலை. அடுத்து கே. சந்தானம் பொறுப்பு எடுத்தார். ஒருத்தர் ஜெயிலுக்குப் போனால் அடுத்தவர் வந்து உப்பு அள்ளினார். பெண்களும் வந்தாங்க. ருக்மணி லட்சுமிபதி அம்மையார் அங்கேதான் கைதாகி சிறை போனார். முடி திருத்தும் தொழிலாளி வைரப்பன், தான் சவரம் செய்துகொண்டிருந்த ஆள் போலீஸ்காரர் என்று தெரிஞ்சதும் பாதியிலேயே கத்தியை வைத்துவிட்டார். அதற்காகச் சிறையும் போனார். அவர் உப்பே அள்ளவில்லை. தன் தொழிலில் நின்றே போராட்டத்தில் சேர்ந்துகொண்டார்.

வேதரத்தினம் பிள்ளையும் சிறை சென்றார். அவருடைய சொத்துகளை அரசாங்கம் பறிமுதல் செய்தது. சர்தார் என்ற பட்டம் பிறகு வந்தது. போன சொத்துக்கு பட்டம் ஈடாகுமா என்று என் தங்கை கேட்கிறாள். அவரிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. 1946-இல் வேதாரண்யத்தில் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தை ஆரம்பித்தார். ஆதரவற்ற பெண்களுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் தங்க இடம், படிப்பு, அதோடு கைத்தொழில். காந்தி வழியில் நடக்கும் இடம். படிக்கிற பிள்ளை தன் வேலையைத் தானே செய்யணும், எந்த வேலையும் கேவலம் இல்லை என்பது அந்த வழியின் அடிப்படை. நூறு பேருக்கு உலை வைத்தவருக்கு அது புதுசு இல்லையே.

1961-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் காலமானார். 1998-இல் இந்திய அரசு அவர் படம் போட்ட தபால் தலை வெளியிட்டது. குருகுலம் இன்றைக்கும் நடக்கிறது. வேதாரண்யம் பக்கத்தில் அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத்தூண் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஏப்ரலில் அதே வழியில் ஊர்வலமாக வந்து அங்கே உப்பு அள்ளுகிறார்கள்.

– பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு