அண்ணா பணிக்குத் திரும்பிய நாட்கள்

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து, எட்டு மாதங்களுக்குப் பின் ஊரப்பாக்கத்தில் மீண்டும் மின்சார ரயில் ஏறிய காலை எனக்கு மறக்கவில்லை. சென்னைத் திசையில் செல்லும் வழியில் வண்டலூர் நிலையம். அங்குள்ள உயிரியல் பூங்கா அறிஞர் அண்ணாவின் பெயரைத் தாங்கியது. ஆயிரம் முறை கடந்த அந்தப் பெயர் அன்று வேறொன்றை நினைவூட்டியது. அண்ணாவும் புற்றுநோய் அறுவைச் சிகிச்சைக்குப் பின் பணிக்குத் திரும்பியவர்.

அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் காஞ்சிபுரத்தில், 1909-இல் எளிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் அவர். வறுமையால் கல்லூரிப் படிப்புக்கு முன்பே நகராட்சியில் எழுத்தராகச் சில மாதங்கள் பணியாற்றினார். பச்சையப்பன் கல்லூரியில் பட்டம் பெற்றபின் சிறிது காலம் ஆசிரியர். பிறகு இதழாளர், நாடகாசிரியர், திரைக்கதை ஆசிரியர், கட்சித் தலைவர். 1957-இல் காஞ்சிபுரத்தில் வென்று சட்டமன்றம் புகுந்தவர், 1962-இல் அதே ஊரில் தோற்று மாநிலங்களவைக்குச் சென்றார். 1967 மார்ச்சில் முதலமைச்சரானார்.

ஓராண்டு சற்றே கடந்த நிலையில் உணவுக்குழாயில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 1968 செப்டம்பரில் நியூயார்க்கில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நவம்பரில் சென்னை திரும்பினார். மருத்துவர்கள் ஓய்வை வலியுறுத்திய காலம் அது. ஆயினும் டிசம்பர் 1 அன்று, மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்டிய மகிழ்ச்சியைக் கொண்டாடும் விழாவின் மேடையில் ஏறினார். அப்பெயர் நடைமுறைக்கு வந்த 1969 ஜனவரி 14 அன்று, தியாகராய நகரில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் சிலையைத் திறந்துவைத்தார். அடுத்த மாதம் 3-ஆம் நாள் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் மறைந்தார். வயது 59.

இந்த இறுதி வாரங்களைக் கடமையுணர்வின் எடுத்துக்காட்டாக நாம் போற்றுகிறோம். போற்றத்தக்கதுதான். ஆனால், நோயிலிருந்து எழுந்த ஒருவனாக அவற்றை எண்ணும்போது எனக்கு அச்சமும் தோன்றுகிறது. உடலை வருத்திக்கொண்டு பழைய இருக்கைக்குத் திரும்புபவரே உறுதியானவர் என்றால், திரும்ப இயலாதவரை என்னவென்று அழைப்போம்?

நானும் பழைய இருக்கைக்கே திரும்பினேன். நெரிசலான ரயிலில் ஒரு மணி நேரம் நின்றபின், பிற்பகலில் எழுத்துகள் கண்முன் மங்கின. இலகுவான பணி கேட்டேன், கிடைக்கவில்லை. சில மாதங்களில் விலகி, வீட்டுக்கு அருகே குறைந்த ஊதியத்தில் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தேன். உறவினர் அதனைத் தோல்வியாகக் கண்டனர்; முதலில் நானும் அப்படியே கருதினேன். அப்போது எனக்குத் துணைநின்றவை அண்ணாவின் கடைசி வாரங்கள் அல்ல, அவற்றுக்கு முந்தைய நாற்பது ஆண்டுகள். வேலையை மாற்றிக்கொள்வது வீழ்ச்சியன்று என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சான்று. ஒன்றில் பழகிய எழுத்தையும் பேச்சையும் மற்றொன்றுக்கு எடுத்துச் சென்றார். தேர்தல் தோல்விக்குப் பிறகும் வேறோர் அவையில் தம் பணியைத் தொடர்ந்தார்.

எனினும், தனிமனித மனவலிமையை மட்டும் நம்பியிருப்பது நீதியாகாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பணிக்காலத்தில் குறைபாடு அடைந்த அரசு ஊழியரைப் பதவிநீக்கம் செய்யவோ பதவியிறக்கம் செய்யவோ தடைவிதிக்கிறது. அதே ஊதியத்தில் வேறு பணி தரச் சொல்கிறது. அச்சட்டம் வகைப்படுத்தும் 21 குறைபாடுகளில் புற்றுநோய் இல்லை. அந்தப் பாதுகாப்பு தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவதும் இல்லை. குரல்வளையை இழந்தவருக்கு அதில் இடமுண்டு. சிகிச்சை தந்த தீராத சோர்வோடு திரும்புபவருக்கு இல்லை.

படிப்படியாகப் பணிநேரத்தை உயர்த்தும் ஏற்பாடு, ஊதியம் குறையாத மாற்றுப்பணி, தொடர் பரிசோதனைக்கு விடுப்பு ஆகிய மூன்றும் எல்லாத் தொழிலாளர்க்கும் உரிமையாக வேண்டும். காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனைக்கு அண்ணாவின் பெயரைச் சூட்டியிருக்கிறோம். அத்தகைய மருத்துவமனைகளிலிருந்து உயிர்மீண்டு வெளிவருவோர்க்கு வாழ்வதற்கு ஒரு வேலையும் இருத்தல் வேண்டும்.