68 வயதில் நியூயார்க்கில் இறங்கிய ஓவியர்

வெள்ளைப் பின்னணியில் கனமான கறுப்புக் கோடுகள். அவற்றுக்கு நடுவே சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்கள். இந்த வடிவத்தைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. கைப்பையில் இருக்கும், தரை ஓட்டில் இருக்கும், கடைப் பலகையில் இருக்கும். 1965இல் பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் இவ் சான் லோரான் இதையே பெண்கள் உடையாகத் தைத்து உலகம் முழுக்கப் பரப்பினார். இதை முதலில் வரைந்த பீட் மோண்ட்ரியான் இறந்து அப்போது 21 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தக் கறுப்புக் கோடுகளைத் தம் கடைசிக் காலத்தில் அவரே தூக்கி எறிந்தார் என்பது பலருக்குத் தெரியாது. அவரை அப்படிச் செய்ய வைத்தது ஒரு நகரம்.

மோண்ட்ரியான் 1872 மார்ச் 7ஆம் தேதி நெதர்லாந்தின் ஆமர்ஸ்ஃபோர்ட் ஊரில் பிறந்தார். தந்தை தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர். ஓரளவு வரையத் தெரிந்தவர். சித்தப்பா ஃபிரிட்ஸ் ஓவியர். தூரிகை பிடிக்கக் கற்றுத் தந்தது அவர்தான். ஓவியம் சோறு போடாது என்ற கவலை எல்லா ஊரிலும் உள்ளதுதானே. மோண்ட்ரியானும் முதலில் ஓவிய ஆசிரியராவதற்கான சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு, அதன் பிறகே ஆம்ஸ்டர்டாம் கலைக் கல்லூரியில் சேர்ந்தார். நீண்ட காலம் அவர் வரைந்தவை காற்றாலைகள், ஆற்றங்கரை மரங்கள், தேவாலயக் கோபுரங்கள். அவற்றைப் பார்ப்பவர், பின்னாளில் கட்டங்கள் போட்டவரும் இவர்தான் என்று நம்பமாட்டார்.

நாற்பது வயதை நெருங்கும்போது பாரிஸுக்குப் போனார். தம் குடும்பப் பெயரிலிருந்து ஓர் எழுத்தையும் குறைத்துக்கொண்டார். பிக்காசோவும் பிராக்கும் உருவங்களை உடைத்து வரைந்துகொண்டிருந்த காலம் அது. ஆனால் மோண்ட்ரியான் உட்கார்ந்து வரைந்தது தெருவோரக் கட்டடங்களை, அதிலும் இடிக்கப்பட்ட கட்டடங்களின் சுவர்களை. நம் ஊரில் பழைய கடைவீட்டை உடைக்கும்போது பக்கத்துச் சுவரில் மாடிப்படி இருந்த தடமும், அறைக்கு அறை வேறுபட்ட சுண்ணாம்பு நிறமும் தெரியுமே, அதைப் போன்ற காட்சி. நின்று பார்க்க யாருக்கும் தோன்றாத அந்தச் சுவர்களில் அவருக்குக் கோடுகளும் செவ்வகங்களும் தெரிந்தன.

1914இல் நோயுற்ற தந்தையைப் பார்க்க ஊருக்குப் போனார். உலகப் போர் மூண்டு ஐந்தாண்டுகள் அங்கேயே சிக்கிக்கொண்டார். 1917இல் தியோ வான் டூஸ்பர்க் என்ற நண்பர் டி ஸ்டெயில் என்ற இதழைத் தொடங்கியபோது அவருடன் சேர்ந்து எழுதினார். 1919இல் மீண்டும் பாரிஸ். அதற்குப் பின் வந்தவைதான் நமக்குத் தெரிந்த கட்ட ஓவியங்கள். நிமிர்ந்த கோடு, படுத்த கோடு, மூன்று நிறங்கள், அவற்றோடு கறுப்பு, வெள்ளை, சாம்பல். வேறு எதையும் அவர் அனுமதிக்கவில்லை. சாய்ந்த கோடு வேண்டும் என்று வான் டூஸ்பர்க் சொன்னதில் இருவருக்கும் மனக்கசப்பே வந்தது. தம் ஓவியக்கூடத்தில் வைத்திருந்த செயற்கைத் துலிப் பூவின் இலைக்குக்கூட வெள்ளை பூசியிருந்தார். பச்சை நிறம் அவர் கண்ணுக்கு ஆகாது.

இத்தனை கண்டிப்பானவர் நடனப் பிரியர் என்பது வியப்பு. சார்ல்ஸ்டன் ஆட்டத்தை விரும்பி ஆடுவார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கட்ட ஓவியங்கள் அதிகம் விலைபோகாததால் பூக்களை வரைந்து விற்று வயிற்றைக் கழுவினார்.

ஹிட்லர் ஆட்சி அவரையும் விடவில்லை. 1937இல் இழிந்த கலை என்று பெயரிட்டு நாஜிகள் நடத்திய கண்காட்சியில் அவருடைய படைப்புகளும் வைக்கப்பட்டன. மறு ஆண்டு லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். 1940இல் அங்கேயும் குண்டு விழுந்தது. ஹாரி ஹோல்ட்ஸ்மன் என்ற அமெரிக்க இளம் ஓவியர் கைகொடுக்க, கப்பலேறி அக்டோபர் 3ஆம் தேதி நியூயார்க் வந்து சேர்ந்தார். வயது 68. கையில் பணமில்லை. தங்க அறை பிடித்துக் கொடுத்ததும் ஹோல்ட்ஸ்மன்தான்.

மேன்ஹாட்டன் தீவின் தெருக்கள் 1811ஆம் ஆண்டுத் திட்டப்படி அளந்து போடப்பட்டவை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். ரப்பர் மரங்களை நிரை பிடித்து நட்டது போல, நெடுக்கில் அவென்யூக்கள், குறுக்கில் எண் போட்ட தெருக்கள். அவற்றின் மேல் நூறு மாடி வரை எழும்பிய கட்டடங்கள், இரவில் எரியும் விளக்குப் பலகைகள், மாறிமாறி மின்னும் சமிக்ஞை விளக்குகள். இருபது ஆண்டுகளாக அவர் துணியில் வரைந்துகொண்டிருந்த ஒழுங்கு, இங்கே கல்லும் இரும்புமாக நின்றது. ஒரே ஒரு வேறுபாடு: இது அசைந்துகொண்டே இருந்தது.

வந்த புதிதில் ஹோல்ட்ஸ்மன் அவருக்கு பூகி வூகி இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டினார். கறுப்பின பியானோ கலைஞர்கள் வளர்த்த இசை அது. இடது கை ஒரே தாளத்தை விடாமல் அடிக்கும். வலது கை அதன் மேல் துள்ளி விளையாடும். கிழவர் மயங்கிப்போனார்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் துணிச்சல். ஐரோப்பாவிலிருந்து வந்த, பாதி முடிந்ததும் முழுதாக முடிந்ததுமான ஓவியங்களைத் திரும்பத் திறந்தார். கறுப்புக் கோட்டின் வேலிக்குள் அடங்காமல் சின்னச் சின்ன வண்ணத் துண்டுகளை அவற்றில் சேர்த்தார். இப்படி இரு கரைகளிலும் உருவான ஓவியங்கள் 17. பாரிஸ் சதுக்கத்தின் பெயர் தாங்கிய பிளாஸ் டி லா கான்கார்ட், லண்டனின் டிராஃபல்கர் ஸ்குவேர் ஆகியவை அவற்றில் அடங்கும். பெயர் பெற்று, பாணியும் நிலைத்த பின் எழுபது வயதுக்காரர் ஒருவர் தம் கையெழுத்தையே மாற்றுவது கலை உலகில் அடிக்கடி நடப்பதில்லை.

அங்கே கிடைத்த வண்ணக் காகித டேப் அவருக்கு வசதியாகப் போயிற்று. ஒட்டிப் பார்ப்பார், பிடிக்காவிட்டால் உரித்து நகர்த்துவார். நியூயார்க் சிட்டி வரிசை ஓவியங்கள் இப்படிப் பிறந்தன. கறுப்பு முற்றிலும் போய், மஞ்சள், சிவப்பு, நீலக் கோடுகள் ஒன்றையொன்று பின்னிக் கிடக்கும். டேப் ஒட்டிய நிலையிலேயே நின்றுபோன ஒன்று ஜெர்மனியின் டூசல்டார்ஃப் அருங்காட்சியகத்தில் பல்லாண்டுகளாகத் தலைகீழாகத் தொங்கி வந்தது 2022இல் கண்டுபிடிக்கப்பட்டது. திருப்பினால் காய்ந்த டேப் உதிர்ந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

1942 ஜனவரியில் நியூயார்க்கில் தனிக் கண்காட்சி நடந்தது. அவர் வாழ்வில் அதுவே முதலாவது. மறு ஆண்டு பிராட்வே பூகி வூகி முடிந்தது. பக்கத்துக்கு 127 சென்டிமீட்டர் கொண்ட சதுரம். மஞ்சள் கோடுகள் சின்னக் கட்டங்களாகத் துண்டுபட்டு, சிவப்பும் நீலமும் சாம்பலும் இடையிடையே கண் சிமிட்டும். மேலிருந்து பார்த்த இரவுத் தெரு என்பார் சிலர், பியானோ கட்டைகள் என்பார் சிலர். எனக்கு வேடிக்கையாகப் படுவது வேறு. மேன்ஹாட்டன் கட்டங்களைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகும் சாலைதான் பிராட்வே. அதன் பெயரை வைத்த ஓவியத்திலும் ஒரு சாய்ந்த கோடு இல்லை. அந்தப் பிடிவாதத்தை மட்டும் நியூயார்க்கால் மாற்ற முடியவில்லை. பிரேசில் சிற்பி மரியா மார்ட்டின்ஸ் அதை 800 டாலருக்கு வாங்கி, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இன்றும் அங்கே இருக்கிறது.

போர் முடிந்து வெற்றி வரும் என்ற நம்பிக்கையில் தொடங்கிய விக்டரி பூகி வூகி அவருடைய கடைசி ஓவியம். சதுரத்தை முனை கீழாக நிறுத்திய வடிவம். அதைத் திரும்பத் திரும்ப மாற்றிக்கொண்டே இருந்தார். முடிந்துவிட்டது என்று நண்பர்கள் நினைத்தபோதும் மறுபடி டேப் துண்டுகளை ஒட்டினார். நிமோனியா காய்ச்சல் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. 1944 பிப்ரவரி 1ஆம் தேதி காலமானார். நியூயார்க்கில் அவர் வாழ்ந்தது மூன்று ஆண்டுகளும் நான்கு மாதங்களும்தான். புரூக்ளினில் அடக்கம் செய்தார்கள். பலகைகளால் தாமே செய்த மேசை நாற்காலிகளும், சுவரில் அவர் பொருத்தியிருந்த வண்ண அட்டைகளும் கலையாமல் சில வாரங்கள் அவர் அறையைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து வைத்தார் ஹோல்ட்ஸ்மன்.

1998இல் விக்டரி பூகி வூகி ஓவியத்தை நெதர்லாந்து 80 மில்லியன் கில்டர் கொடுத்து வாங்கியது. ஓர் ஓவியத்துக்கு இவ்வளவு பணமா என்று நாடே வாதாடியது. இப்போது அது ஹேக் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் ஒட்டிய டேப் துண்டுகளும் அதன் மேலேயே இருக்கின்றன.