வனத்து அந்தோணியார் ஏந்திய படைக்கலம்

வனத்து அந்தோணியாரைப் பேய் ஓட்டும் புனிதராகவே நம்மில் பலர் அறிவோம். அவர் ஏந்திய படைக்கலத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

சுமார் 251-இல் எகிப்தில் பிறந்து 356-இல் மறைந்தவர் அவர். பெற்றோர் இறந்த ஆறு மாதத்தில், செல்வரான இளைஞரைப் பற்றிய நற்செய்தி வாசகத்தை ஆலயத்தில் கேட்டார். அன்று எல்லாரும்தான் கேட்டார்கள்! அவரோ தமக்கே சொல்லப்பட்டதாக ஏற்று, நிலங்களை ஊராருக்குக் கொடுத்துவிட்டார். அவர் எழுத்து கற்றவரல்லர் என்கிறார், அவரது வரலாற்றை எழுதிய புனித அத்தனாசியு. ஆலயத்தில் கேட்ட இறைவார்த்தையை நினைவில் பதித்துக்கொண்டார். அதுவே அவருக்கு நூல்.

கல்லறை ஒன்றில் தனித்திருந்தபோது அலகைகள் அவரை அடித்துக் குற்றுயிராக்கின. நண்பர் ஊருக்குத் தூக்கிவந்தார். நள்ளிரவில் விழித்தவர், திரும்பவும் அங்கேயே கொண்டுபோகச் சொன்னார். நிற்க முடியவில்லை. படுத்தபடியே செபித்து, அச்சம் போக்கும் 27-ஆம் திருப்பாடல் வரியைப் பாடினார். மீண்டும் தாக்குதல். விண்ணொளி வந்தது அதற்குப் பிறகுதான்.