புளித்த பீப்பாயில் பிறந்த மருத்துவம்

பதநீர் இறக்கும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவது நம் பனையேறிகளின் நெடுங்கால வழக்கம். தடவினால் பதநீர், தடவாவிட்டால் பொழுது ஏறுவதற்குள் கள். இந்த வேறுபாட்டுக்குக் காரணமானவை கண்ணுக்குப் புலப்படாத உயிர்களே என்பதை உலகம் ஏற்கும்படி செய்தவர், பனங்காடுகளுக்கு வெகுதொலைவில் வாழ்ந்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி பாஸ்டர்.

வெளிநாட்டில் வாழும் என் உறவினர் ஒருவர், வீட்டிலேயே ‘இந்தியா பேல் ஏல்’ என்னும் பீரைத் தயாரிப்பதற்கான பெட்டியொன்றின் செய்முறைத் தாளை எனக்கு அனுப்பியிருந்தார். 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் நடப்பில் உள்ள தமிழ்நாட்டில், வில்லாபுரத்து வீடொன்றில் அதைச் செய்து பார்ப்பது குற்றம். ஆயினும் படிப்பதற்குத் தடையில்லை. மால்ட் சாற்றை நீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களைச் சேர்த்து, ஆறியபின் ஈஸ்ட் தூவி, ஏறத்தாழ 20 பாகை வெப்பத்தில் இரண்டு வாரம் மூடி வைக்க வேண்டும். இவற்றைவிட அதிகமாக அத்தாள் வலியுறுத்துவது தூய்மையை. பாத்திரம், குழாய், கரண்டி அனைத்தையும் கிருமி நீக்கிய பிறகே தொட வேண்டும். அந்த எச்சரிக்கை முழுவதிலும் நான் கண்டது பாஸ்டரைத்தான்.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19-ஆம் நூற்றாண்டிலும் இங்கிலாந்திலிருந்து சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் பீப்பாய்களில் பீர் வந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிவரப் பல மாதங்கள் ஆகும். வெப்பக் கடலில் அது கெடாதிருக்க ஹாப்ஸை மிகுதியாகச் சேர்த்தனர். ஹாப்ஸ் காக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். எதனிடமிருந்து காக்கிறது என்பது தெரியாது. சுண்ணாம்பைப் பற்றி நாம் அறிந்திருந்ததும் அந்த அளவே.

1822 டிசம்பர் 27 அன்று பிரான்சின் டோல் நகரில், தோல் பதனிடும் ஒருவரின் மகனாகப் பிறந்தார் பாஸ்டர். ஒயின் தயாரிப்பில் கிடைக்கும் டார்டாரிக் அமிலத்தின் உப்புகளை ஆராய்ந்து, 1848-இல், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற இருவகைப் படிகங்களைக் கண்டறிந்தார். 1854-இல் லீல் நகரப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் புலத் தலைவரானார். ஈராண்டுகளுக்குப் பின், பீட்ரூட் சாற்றிலிருந்து சாராயம் வடித்த ஆலை உரிமையாளர் ஒருவர், தொட்டிகள் காரணமின்றிப் புளித்துப் போவதாக அவரிடம் முறையிட்டார். பேராசிரியர் ஆலைக்கே சென்றார். நல்ல தொட்டியின் துளியில் உருண்டையான ஈஸ்ட் செல்கள். கெட்ட தொட்டியின் துளியில் மெல்லிய கோல் போன்ற வேறு உயிர்கள்.

நொதித்தல் என்பது உயிரற்ற வேதிச் சிதைவே என்று லீபிக் போன்ற பேரறிஞர்கள் கருதிய காலம் அது. அது உயிரின் செயல் என்றும், ஒவ்வொரு வகை நொதித்தலுக்கும் தனித்தனி நுண்ணுயிர் உண்டு என்றும் பாஸ்டர் 1857 முதல் அடுத்தடுத்து நிறுவினார். ஒயினை மிதமாகச் சூடாக்கிக் கெடாமல் காக்கும் வழியையும் கண்டார். இன்று நம் வீட்டு வாசலுக்கு வரும் பால் பாக்கெட் வரை அவர் பெயர் நிலைத்திருப்பது அதனால்தான்.

இடையில் வாழ்க்கை அவரைக் கடுமையாகத் தாக்கியது. மூன்று பெண்மக்களை இளவயதிலேயே இழந்தார். 1868-இல் பக்கவாதம் இடப்புறத்தை முடக்கியது. 1870-இல் தொடங்கிய பிரான்சு-ஜெர்மனி போரின்போது, பான் பல்கலைக்கழகம் அளித்திருந்த மதிப்புறு பட்டத்தைத் திருப்பி அனுப்பினார். ஜெர்மன் பீரை விஞ்சும் பிரெஞ்சு பீரை உருவாக்குவதே தம் பழிதீர்ப்பு என்று முடிவுசெய்தார். 1871-இல் லண்டனின் விட்பிரெட் ஆலைக்குச் சென்று, நுண்ணோக்கியில் பார்த்தே அங்கிருந்த ஈஸ்ட்டின் குறையைச் சொன்னார். விரைவிலேயே அந்த ஆலை தனக்கென ஒரு நுண்ணோக்கி வாங்கியது. 1876-இல் பீர் பற்றிய அவரது ஆய்வுநூல் வெளிவந்தது. தேசப் பகையில் தொடங்கிய அந்நூலால் எல்லா நாட்டு ஆலைகளும் பயன் பெற்றன.

பீருக்கு நோய் தருபவை நுண்ணுயிர்கள் எனில், மனிதனுக்கும் அவை நோய் தரலாமன்றோ? இந்த வினாவே அவரை ஆலையிலிருந்து மருத்துவத்துக்கு அழைத்துச் சென்றது. 1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்குத் தடுப்பூசி தொடங்கப்பட்டது, சிறுவன் பிழைத்தான். அவருடைய குறிப்பேடுகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், போதிய சோதனைக்கு முன்பே அவர் துணிந்தார் என்று குறை கூறியுள்ளனர். அக்குறையை மறைக்க வேண்டியதில்லை. அந்தத் தடுப்பூசி தொடங்கிவைத்த மரபு காத்த உயிர்களையும் மறக்க வேண்டியதில்லை. 1895 செப்டம்பர் 28 அன்று அவர் மறைந்தார். 1907-இல் குன்னூரில் அவர் பெயரால் நிறுவனம் தோன்றியது. நாய்க்கடிக்கு அஞ்சி அரசு மருத்துவமனைக்கு ஓடும் மதுரைக்காரர் ஒவ்வொருவரும், தாம் அறியாமலே, அந்தப் புளித்த தொட்டிக்குக் கடன்பட்டவர்.

பாஸ்டரின் பெருமையாக நான் கருதுவது, ஆலைக்காரரின் முறையீட்டைத் தம் தகுதிக்குக் குறைவானதாக அவர் எண்ணாததையே. நம்மிடமும் முறையீடுகளுக்குக் குறைவில்லை. சித்திரை வெயிலில் மாவு ஏன் இத்தனை விரைவில் புளிக்கிறது என்று இட்லிக் கடைக்காரர் வியக்கிறார். சுண்ணாம்பு எத்தனை போதும் என்பதைப் பனையேறியின் கை அறிந்திருக்கிறது. நம் கல்லூரி ஆய்வகங்களில் நுண்ணோக்கிகளும் இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் பாடநூற் படத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதோடு நின்றுவிடுகின்றன. தேர்வுக்காக ஈஸ்ட்டின் படத்தை வரையும் மாணவர், ஒருமுறையேனும் தம் தெரு மாவரைக்கும் கடையிலிருந்து ஒரு துளி மாவை எடுத்துவந்து பார்க்கட்டும். அடுத்த கேள்வியை அந்தத் துளியே கேட்கும்.