வர்த்தகக் கதவைத் திறந்தா அரசு செலவு கூடுமா? ஸ்வீடனை மாற்றிய பெர் ஆல்பின் ஹான்சன் கதை

வெளிநாட்டு வர்த்தகத்துக்குக் கதவைத் திறந்துவிட்டால் அரசாங்கத்தின் வேலை குறையும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனா பல வளர்ந்த நாடுகளில் நடந்தது நேரெதிர். அது ஏன்னு புரிஞ்சுக்க, ஸ்வீடனின் முன்னாள் பிரதமர் பெர் ஆல்பின் ஹான்சனின் வாழ்க்கை உதவும்.

யார் இவர்?

1885-ல் மால்மோ நகருக்கு அருகே ஒரு கொத்தனாரின் மகனாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு நாலே வருஷம். அப்புறம் கடையில் எடுபிடி வேலை. சோஷியல் டெமாக்ரடிக் கட்சியின் இளைஞர் அணி, பத்திரிகை, நாடாளுமன்றம் எனப் படிப்படியாக உயர்ந்தார். நாடு என்பது யாரையும் ஒதுக்காத ஒரு வீடு மாதிரி இருக்கணும் என்று 1928-ல் நாடாளுமன்றத்தில் பேசினார். அந்த 'மக்கள் இல்லம்' என்ற கருத்துதான் அவரது அடையாளம்.

என்ன சிக்கல்?

மரம், மரக்கூழ், இரும்புத்தாது ஆகியவற்றை வெளிநாடுகள் வாங்கினால்தான் ஸ்வீடனில் பல வீடுகளில் அடுப்பு எரியும். 1929-க்குப் பிறகு உலகப் பொருளாதாரம் சரிய, ஏற்றுமதியும் படுத்தது. 1931-ல் ஓடாலன் பகுதியில் மரக்கூழ் ஆலைத் தகராறு முற்றி, ராணுவம் சுட்டதில் 5 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே ஹான்சன் பிரதமரானார்.

அவர் என்ன செய்தார்?

அவருக்குத் தனிப்பெரும்பான்மை இல்லை. 1933-ல் விவசாயிகள் கட்சியுடன் பேரம் பேசினார். பண்ணைப் பொருட்களின் விலைக்குப் பாதுகாப்பு தரப்பட்டது. பதிலுக்கு, வேலை இழந்தவர்களுக்குச் சந்தைக் கூலியில் அரசுப் பணிகள் கிடைத்தன. ஸ்வீடன் மக்கள் இதை 'மாட்டு வியாபாரம்' என்றே கிண்டலடித்தார்கள். 1934-ல் வேலையின்மைக் காப்பீட்டுக்கு அரசு உதவி வந்தது.

நாணய மதிப்பு குறைந்ததால் ஏற்றுமதி மீண்டதும் ஸ்வீடனுக்குக் கைகொடுத்தது. ஆனா அடுத்த அடி விழுந்தால் தாங்கிப் பிடிக்க ஒரு வலை தயாராகிவிட்டது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

வர்த்தகத்துக்கு அதிகம் திறந்த பணக்கார நாடுகளில்தான் அரசின் பங்கு வேகமாக வளர்ந்தது என்று 1978-ல் அமெரிக்க அரசியல் அறிஞர் டேவிட் கேமரூன் காட்டினார். 1998-ல் பொருளாதார நிபுணர் டானி ரோட்ரிக், 100-க்கும் மேற்பட்ட நாடுகளை ஆராய்ந்து இதே தொடர்பைக் கண்டார். உலகச் சந்தையின் அதிர்ச்சிக்கு அரசு செலவு ஒரு இன்சூரன்ஸ் என்பது அவரது விளக்கம். சின்ன நாடுகளுக்கு இயல்பாகவே வர்த்தகமும் அதிகம், தலைக்கு ஆகும் அரசு செலவும் அதிகம் என்ற மாற்றுக் கருத்தும் இருக்கு.

கடைசி நாள்

1946 அக்டோபரில், பிரதமராக இருந்தபோதே, டிராமில் வீடு திரும்பிய ஹான்சன் நிறுத்தத்தில் இறங்கியதும் மாரடைப்பால் இறந்தார். அனைவருக்குமான முதியோர் ஓய்வூதியச் சட்டம் அதே ஆண்டு நிறைவேறி, 1948-ல் அமலுக்கு வந்தது.